பெயர்ப்பலகை இல்லாத கறிக்கடை: காலடிப்பேட்டையில் மேய்ச்சல் ஆட்டின் தரமும் விலையும்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், சந்தையை ஒட்டிய சிறிய தெரு ஒன்றில் பெயர்ப்பலகையே இல்லாத ஒரு கறிக்கடை இருக்கிறது. அக்கம்பக்கத்தார் அதைப் ‘பலகை பாய் கடை’ என்கிறார்கள். கடையின் முன்தூணில் ஒரு கரும்பலகை தொங்கும். அதில் அன்றைய விலை கீழே சிறிதாகவும், ஆடு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, என்ன இனம், மேய்ந்து வளர்ந்ததா, கட்டிப் போட்டுத் தீவனம் வைத்ததா என்பவை மேலே பெரிதாகவும் சாக்பீஸில் எழுதப்பட்டிருக்கும். சில ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ‘இன்று ஆடு வரவில்லை’ என்ற ஒற்றை வரியோடு ஷட்டர் பாதி இறங்கிக் கிடக்கும். ஞாயிறன்று வியாபாரத்தை விட்டுவிடும் கறிக்கடையை வடசென்னையில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பையோடு வந்து திரும்புகிறவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு முணுமுணுப்பதும் நியாயமே. ஆனால் இந்தக் கடையின் தரத்தையும் விலையையும் புரிந்துகொள்ள அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இங்கே விற்பது பெரும்பாலும் செம்மறி. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு வட்டாரத்து மந்தைகளிலிருந்து ‘மெட்ராஸ் சிவப்பு’ இன ஆடுகளைத் தரகர் இல்லாமல் நேராக வாங்கி, மாநகராட்சியின் ஆட்டுத்தொட்டியில் அறுத்து, முத்திரை பெற்றுக் கொண்டுவருகிறார்கள். இந்த இனம் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கங்களுக்கே உரியது. உடம்பில் கம்பளி கிடையாது; செம்பழுப்பு நிறக் குறுமயிர்தான். கிடாய்க்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக நிலையம் இந்த இனத்தைப் பேணி மேம்படுத்தி வருகிறது. இது கிடைக்காதபோது ஆந்திரத்திலிருந்து நெல்லூர் ஆடு வரும். அது உயரமான இனம் என்பதால் எலும்பும் நீளமாக இருக்கும். வெள்ளாடு அபூர்வம். செம்மறியை வெள்ளாடு என்று சொல்லித் தள்ளிவிடுவது நம் ஊரில் நெடுநாளாக நடப்பதால்தான், தோலுரித்த பிறகும் வால் நுனியில் மயிரை விட்டுவைத்துத் தொங்கவிடும் வழக்கம் வந்தது. இந்தக் கடையில் அந்த வாலைக் கேட்காமலே திருப்பிக் காட்டுகிறார்கள். “வெள்ளாடுதானே பாய்?” என்று கேட்ட ஒரு அம்மாவிடம், “செம்மறிம்மா. வெள்ளாடு வேணும்னா ரெண்டு கடை தள்ளிப் பாருங்க” என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தேன்.

கறியின் ருசியைப் பற்றி ஒரே தீர்ப்பாகச் சொல்ல முடியாது. மாதத்தைச் சொன்னால்தான் ருசியைச் சொல்ல முடியும். தை, மாசியில் வாங்கும் கறி இளஞ்சிவப்பாக, விரலால் அழுத்தினால் எழும்பி வருவதாக, கொழுப்பு வெண்மையாகவும் இறுகலாகவும் இருக்கிறது. அந்த மாதங்களில் குக்கரில் நான்கு விசிலுக்குள் தொடைக்கறி வெந்துவிடும். செம்மறிக்கே உரிய கவிச்சியும் மிகக் குறைவு. சித்திரை, வைகாசியில் அதே கடையில், அதே இனத்தில், அதே விலையில் வாங்கினாலும் கறி அடர்ந்த சிவப்பாகவும் நார் நாராகவும் இருக்கும். விசிலை இரட்டிப்பாக்கினாலும் சுக்காவுக்கு உதவாது, குழம்புக்குத்தான் சரிப்படும். வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், தொங்கும் ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றிப் பாருங்கள். மழை நன்றாகப் பெய்து புல் முளைத்த ஆண்டில் அங்கே உள்ளங்கை கனத்துக்குக் கொழுப்பு மூடியிருக்கும். மேய்ச்சல் வற்றிய காலத்தில் சிறுநீரகம் வெறுமையாக, ஒரு மெல்லிய ஜவ்வோடு தெரியும். உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பைப் பசிக்காலத்தில் ஆடு எடுத்துச் செலவழிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

அந்த மேய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கடைக்கு ஆடு கொண்டுவரும் பெரியவர் ஒருவர் விளக்கினார். அவருடைய மந்தை ஆரணியாற்றுக்கு வடக்கே சுற்றுவது. திருவள்ளூர் மாவட்டத்தில் நெல்லுக்கு சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் உண்டு. ஒரு போகம் அறுத்து அடுத்ததற்கு உழுவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில் மந்தை அறுத்த வயலுக்குள் இறங்கும். இரவில் மந்தையை அங்கேயே அடைத்துக் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரமாகும், நிலக்காரர் அதற்குக் கூலியும் கொடுப்பார். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற ஏரியின் உள்வாயில் முளைக்கும் கோரையும் புல்லும் மந்தைக்கு ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்ந்த நிலம் எல்லாம் நீரில் மூழ்கும்போது மந்தையை மேட்டுப் புறம்போக்குக்கு ஏற்றிவிடுவார்கள். மழை ஏறக்குறைய வரும் நாளில் வந்து, போகும் நாளில் போகும் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்ட ஏற்பாடு இது. “இப்ப மழ வந்தா ஒரேடியா வருது, இல்லன்னா வர்றதே இல்ல. எந்த மாசம் எங்க ஓட்டறதுன்னு எங்க அப்பன் சொல்லிக் குடுத்தது ஒண்ணும் இப்ப செல்லுபடி ஆவறதில்ல” என்றார் அவர்.

அவர் சொல்வதற்கும் அறிவியல் சொல்வதற்கும் முரண்பாடு இல்லை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகமான நீராவியைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது, பெய்யாத நாட்களில் அதே வெப்பம் மண்ணின் ஈரத்தை இன்னும் வேகமாக உறிஞ்சுகிறது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901-க்கும் 2018-க்கும் இடையே சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. நம் கண்முன் நடந்ததையே எடுத்துக்கொள்ளலாம். 2015 நவம்பரில் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த கோடையில் புழலும் சோழவரமும் பூண்டியும் செம்பரம்பாக்கமும் ஏறக்குறைய வெறும் தரையாயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலியும் எண்ணூரும் மூழ்கி, எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் படர்ந்தது. நகரத்தில் இருந்த நமக்கு இவை குடத்தோடு நின்ற கோடையாகவும் மொட்டைமாடியில் கழித்த இரவாகவும் நினைவில் இருக்கின்றன. மந்தை வைத்திருப்பவர்களுக்கு அவற்றின் விளைவு அந்த ஆண்டோடு முடியவில்லை.

வறட்சியில் என்ன நடக்கிறது என்பதைக் கடையின் விலை வழியாகவே புரிந்துகொள்ளலாம். ஏரியில் நீர் இல்லையென்றால் நவரை நெல்லை நட மாட்டார்கள். நடவில்லையென்றால் அறுத்த வயலும் இல்லை, கிடைக்கூலியும் இல்லை. தீவனத்தை விலைக்கு வாங்கிக் கட்டுபடியாகாமல் மந்தைக்காரர்கள் ஒரே நேரத்தில் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டுவார்கள். அப்போது ஆடு மலிந்து, எடை குறைந்து, கிடாயோடு சேர்த்து ஈனும் பெட்டைகளும் விற்பனைக்கு வந்துவிடும். சில மாதங்கள் நமக்குக் கறி தாராளமாகக் கிடைக்கும். தட்டுப்பாடு தொடங்குவது அதற்குப் பிறகுதான், மழை நன்றாகப் பெய்து புல் நிறைந்திருக்கும் காலத்தில். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். பிறந்த குட்டி விற்கிற எடைக்கு வர மேலும் பல மாதங்கள் ஆகும். விற்றுத் தீர்ந்த பெட்டைகளின் இடம் நிரம்ப இரண்டு ஆண்டுகள் பிடிக்கலாம். “ஏரியெல்லாம் ரொம்பிக் கெடக்கு, இன்னும் ஏன் பாய் வெல எறங்கல?” என்று கேட்பவர்களுக்கு உண்மையான பதில் இதுதான். கடைக்காரர் அவ்வளவு நீளமாகப் பதில் சொல்வதில்லை. “ஆடு வளரணுமில்ல” என்று முடித்துக்கொள்வார்.

வெப்பம் மட்டும் தனியாகச் செய்யும் கேடு வேறு. வெயில் கூடக் கூடப் புல் சீக்கிரம் முற்றி நாராகிவிடுகிறது. அதில் புரதம் குறைகிறது. ஆடும் நடுப்பகலில் மேய்வதை நிறுத்திவிடும். நிழல் இல்லாத வெளியில் செம்மறிகள் ஒன்றின் வயிற்றுக்குக் கீழ் இன்னொன்று தலையைச் செருகிக்கொண்டு வட்டமாக நெருக்கி நிற்பதை மீஞ்சூர்ச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருக்கக்கூடும். மேயும் நேரம் காலையும் மாலையும் சில மணி நேரமாகச் சுருங்கும்போது எடையும் அதற்கேற்பக் குறைகிறது. கடும் வெப்பத்தில் கிடாயின் விந்துத் தரம் குன்றும்; பெட்டைகள் பல சினை பிடிப்பதில்லை; பிறக்கும் குட்டியும் எடை குறைவாகவே பிறக்கும். சித்திரையில் நாம் வாங்கும் முற்றிய கறிக்கு இந்த வெப்பமும் ஒரு காரணம்.

மழைக்கால நோய்களைப் பற்றிக் கடைக்காரருக்கு நல்ல தேர்ச்சி இருக்கிறது. நீண்ட வறட்சிக்குப் பிறகு திடீரென்று மழை பெய்து தளதளவென முளைக்கும் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வரும். மந்தையில் கொழுத்த குட்டிகள்தான் முதலில் விழும், மாலையில் நன்றாக இருந்தது காலையில் செத்துக் கிடக்கும். மழை விட்டு ஈரச்சேற்றில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத கடிக்கும் பூச்சிகள் பெருகினால் நீலநாக்கு நோய் பரவும். வாயும் உதடும் வீங்கி, கால் நொண்டி, ஆடு மேய முடியாமல் மெலிந்துபோகும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தென்னிந்தியாவில் அடிக்கடி தலைகாட்டும் நோய் இது. நீர் தேங்கி நின்ற மேய்ச்சலில் நத்தைகள் பெருகும்போது அவற்றின் வழியாக ஈரல் தட்டைப்புழு ஆட்டுக்குள் போகும்.

இந்தக் கடையில் நான் மிகவும் மதிக்கும் பழக்கம் இந்தப் புழுவோடு தொடர்புடையது. ஒவ்வொரு ஈரலையும் விற்பதற்கு முன் வாடிக்கையாளர் எதிரிலேயே கத்தியால் குறுக்காகக் கீறி, பித்தக்குழாய்களை அழுத்திக் காட்டுகிறார்கள். நல்ல ஈரல் என்றால் வெட்டு வழவழப்பாக, கருஞ்சிவப்பாக இருக்கும். புழு இருந்த ஈரலில் குழாய்கள் வெள்ளையாகத் தடித்துப் புடைத்து நிற்கும். அழுத்தினால் இலை வடிவப் புழு வெளியே வரும். அப்படிப்பட்டதைக் கழிவு வாளியில் போட்டுவிடுகிறார்கள். மழைக்குப் பிந்தைய மாதங்களில் இப்படிக் கழிபவை அதிகமாகி, பலகையிலேயே ‘ஈரல் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். “இன்னா பாய், இன்னிக்கும் ஈரல் இல்லியா?” என்று கேட்ட ஒருவருக்கு, “தண்ணி நின்ன காட்டு ஆடு சார், வாணாம், சுவரொட்டி எடுத்துக்குங்க” என்ற பதில் கிடைத்தது (சுவரொட்டி என்றால் மண்ணீரல்). குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இரத்தம் ஊறும் என்று ஈரலைத் தேடி வாங்கும் ஊரில், விலைபோகும் பொருளை இப்படித் தள்ளுவதற்கு மனம் வேண்டும்.

எல்லாவற்றையும் மழையின் தலையில் போடும் கடைக்காரரின் பேச்சை மட்டும் நான் முழுதாக ஏற்கவில்லை. மழை மாறியது உண்மை. ஆனால் மழை மாறும்போது ஒதுங்குவதற்கு என்று இருந்த இடங்களை மழை எடுத்துக்கொண்டு போகவில்லை. வருவாய்த்துறைப் பதிவேட்டில் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று எழுதப்பட்ட மேட்டு நிலங்கள் பல இன்று சரக்குக் கிடங்காகவும் மனைப்பிரிவாகவும் நிற்கின்றன. எண்ணூரை ஒட்டிய சதுப்பில் மாடும் எருமையும் மேய்ந்த வெளிகளில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியதற்கு அளவுக்கு மீறி நீரை இறைத்ததே முதன்மைக் காரணம். கடல்மட்ட உயர்வு அதை மேலும் மோசமாக்கும். எஞ்சிய தரிசையும் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. இதில் ஒரு சிக்கலும் உண்டு: ஆழமாக வேர்விடும் அந்த மரம் வறட்சியைத் தாங்கி நின்று, புல் இல்லாத கோடையில் தன் காய்களால் ஆட்டைக் காப்பாற்றுகிறது, அந்தக் காயைத் தின்ற ஆடே புழுக்கையில் விதையைப் பரப்பி, அடுத்த ஆண்டுப் புல்லுக்கு உரிய இடத்தையும் மரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஒதுங்க மேடும் இறங்க ஏரியும் இருந்தவரை ஒரு பொய்த்த பருவத்தை மந்தை தாங்கியது. அவை சுருங்கிய பிறகு அதே அளவு மழைக்குறைவு இரு மடங்காக அடிக்கிறது. தஞ்சைப் பக்கம் கிடை போட வரும் இராமநாதபுரத்துக் கீதாரிகளுக்கும் (மந்தையோடு ஊர் ஊராகச் செல்லும் மேய்ப்பர்கள்) இதே நெருக்கடிதான்: தை, மாசி அறுவடையில் பருவம் தப்பிய மழை விழுந்தால் வயலுக்குள் இறங்குவது தள்ளிப்போகும், ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவைக்கு நீர் வந்துவிட்டால் அதற்குள் வெளியேற வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. பொன்னேரி வட்டத்தில் ஒரு மேய்க்கால் நிலத்தையாவது அளந்து கல் நட்டுத் திருப்பிக் கொடுத்தால் அந்த அறிவிப்புக்கு இங்கே ஏதேனும் பொருள் இருக்கும்.

செல்போனில் சொன்னால் வீட்டுக்கே அனுப்பும் சேவை ஒன்றிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாங்கினேன். ஆண்டு முழுவதும் ஒரே நிறம், ஒரே மென்மை, சுத்தமான பொட்டலம். தை மாதமும் சித்திரையும் ஒன்றுபோல் இருக்கின்றன. ஆடு எந்த ஊர் என்று கேட்டதற்கு, ‘தரமான பண்ணைகளிலிருந்து’ என்பதற்கு மேல் பதில் வரவில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செம்மறிகள் சுமார் 45 லட்சம்; ஆந்திரத்தில் 1.76 கோடி, தெலங்கானாவில் 1.9 கோடி. ஆகவே இங்கே குறைந்தால் வடக்கேயிருந்து லாரியில் வரவழைத்து நிரப்புவது பெரிய வியாபாரிகளுக்குக் கடினமே இல்லை. அவசரத்துக்கும் விருந்துக்கும் அந்தச் சேவை போதும். எலும்பு ரசத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலகை கடையின் நெஞ்செலும்பில் வரும் மணம் அதில் இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். ரசீது கிடையாது. காசு அல்லது ஜிபே மட்டுமே, அட்டை எடுக்க மாட்டார்கள். கடைக்கு முன்னால் கழிவுநீர் வழியும் சிறு வாய்க்காலை மூடாமல் விட்டிருக்கிறார்கள். மழைநாளில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துத்தான் நிற்க வேண்டும். துண்டு போடும் பையன் வேகமாக வெட்டுவதால் எலும்புச் சில்லு கறியில் கலந்துவிடுகிறது, வீட்டில் நிதானமாக அலசாவிட்டால் பல்லில் படும். பலகையில் எழுதுவதை யாரும் சரிபார்க்க முடியாது என்பதும் ஒரு குறைதான். ஆட்டின் காதில் அட்டை இருந்தால் அதன் எண்ணையும் சேர்த்து எழுதலாம்.

இன்னொன்று, குறையா நிறையா என்று எனக்கே தெளிவில்லாதது. ஐப்பசிக்கு முன் மந்தைக்காரர்களுக்குக் கடைக்காரர் முன்பணம் கொடுக்கிறார். மழைக்காலத்தில் கைச்செலவுக்கு ஈனும் பெட்டையை விற்காமல் அவர்கள் சமாளிப்பதற்கு அது உதவுகிறது. பதிலுக்கு, தை மாதம் விலை ஏறும்போது அவர்கள் வேறு வியாபாரியிடம் போக முடியாது. ஆட்டையும் உயிர் எடை போடாமல், முதுகைத் தடவிப் பார்த்து உருப்படிக் கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். மேய்ச்சல் நன்றாக அமைந்த ஆண்டில் அந்தக் கூடுதல் எடையின் பயன் கடைக்குப் போகிறது. தராசைக் கல்லாவுக்கு அருகில் வைத்திருக்கும் கடை, ஆட்டை இறக்கும் இடத்திலும் ஒன்றை வைத்தால் செலவு அதிகம் ஆகிவிடாது.

கிலோ 900 ரூபாய், நெஞ்சுக்கறியும் தொடையும் கலந்து. தனித் தொடை கேட்டால் 50 ரூபாய் கூடுதல். காலை ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். ஞாயிறன்று எட்டரைக்கு மேல் போனால் கழுத்துக்கறியும் போட்டியும் (குடல்)தான் மிஞ்சும். தலையும் காலும் வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். சுக்காவுக்கும் பிரியாணிக்கும் தை முதல் பங்குனி வரை தயங்காமல் வாங்கலாம். கோடையில் கொத்துக்கறியாகவோ குழம்புக்காகவோ வாங்குவது நல்லது. தீபாவளி பெரும்பாலும் அடைமழைக் காலத்தில் விழுவதால், அன்றைக்கு ஆடு வருமா என்று கடைக்காரரே உறுதி சொல்வதில்லை. பண்டிகைக்குக் கறி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் வேறொரு கடையிலும் சொல்லிவைத்துக்கொள்ளலாம். அவரே அப்படித்தான் சொல்கிறார்.